சர்க்கரை இருந்த இடத்தில் எதை வைப்பது? வீட்டிலேயே சர்க்கரையில்லா சாக்லேட் பூச்சு

கடையில் வாங்கும் பால் சாக்லேட்டில் ஏறத்தாழ பாதி எடை சர்க்கரைதான். 70 சதவீதம் என்று அச்சிட்ட டார்க் சாக்லேட்டிலும் சுமார் 30 சதவீதம் சர்க்கரை இருக்கும். இனிப்புக்காக மட்டுமே அது சேர்க்கப்படுகிறது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் சாக்லேட்டுக்கு உடம்பு கொடுப்பதே அதுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக அரைபட்ட சர்க்கரையும் கோகோவும் கொழுப்பில் மிதந்து நிற்பதே சாக்லேட். எனவே சர்க்கரையை எடுத்துவிட்டால் இனிப்போடு பண்டத்தின் பருமனும் போய்விடுகிறது. காலியான அந்த இடத்தில் எதையாவது வைத்தே ஆக வேண்டும். வைப்பது வேறொரு சர்க்கரையாக இருக்கலாம், மலிவான கொழுப்பாக இருக்கலாம், செயற்கை இனிப்பூட்டியாக இருக்கலாம், கூடுதல் கோகோவாகவும் இருக்கலாம். நம் பூச்சு உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தேர்வுதான். சர்க்கரையை நீக்குவது பாதி வேலை. அது இருந்த இடத்தைச் சரியாக நிரப்புவது மீதிப் பாதி. வீட்டுச் செய்முறைகள் பலவும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன என்பதால்தான் இந்த அத்தியாயம் இரண்டாம் பாதிக்கு அதிக இடம் தருகிறது.

இவ்வளவு யோசனை தேவையா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் (INDIAB) ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. இன்னொரு பக்கம், சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 முதல் சொல்லி வருகிறது. 2000 கலோரி உண்பவருக்கு அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம். காலையும் மாலையும் குடிக்கும் காபி, டீயிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் வீடுகள் நம்மிடையே ஏராளம். வழக்கமான சாக்லேட் பூசிய முந்திரியை ஆறு எண்ணிக்கை வாயில் போட்டால், பூச்சிலிருந்து மட்டும் 15 கிராம் சர்க்கரை வரை உள்ளே போகலாம். பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் சாக்லேட் செய்யும் பழக்கம் வீடுகளுக்குள் வந்துவிட்ட பிறகு, அதைச் சர்க்கரை இல்லாமல் செய்யக் கற்றுக்கொள்வது வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

கருப்பட்டியும் தேனும் பேரீச்சையும்

வெள்ளைச் சர்க்கரையை நீக்கச் சொன்னதும் நம் வீடுகளில் கை முதலில் போவது கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் தேனுக்கும்தான். ஆலையில் வெளுக்கப்படாதவை, பாட்டி காலத்திலிருந்து வருபவை என்பதால் இவை சர்க்கரைக் கணக்கில் சேராது என்ற நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. இவற்றில் கொஞ்சம் தாது உப்புகள் இருப்பது உண்மை. ஆனால் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது நாம் விலக்க நினைத்த அதே பொருள். தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை தேனையும் பாகுகளையும் வெள்ளைச் சர்க்கரையோடு சேர்த்தே எண்ணுகிறது. காய்ந்த பேரீச்சையில் நார்ச்சத்து இருப்பதால் அதன் நிலை சற்று மேல் என்றாலும், அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். நல்ல உடல்நிலை உள்ளவர் கருப்பட்டிச் சாக்லேட்டை அளவாகச் சாப்பிட்டு மகிழ்வதில் தவறில்லை. அதைச் சர்க்கரையில்லாதது என்று சொல்லி நீரிழிவு உள்ள அப்பாவுக்குக் கொடுப்பதுதான் தவறு.

இந்த வழி உடலுக்குப் பொருந்தாததோடு சமையலிலும் தோற்றுப்போகும். சாக்லேட்டுக்குத் தண்ணீர் பகை. உருகிய சாக்லேட்டில் ஓரிரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும். கொழுப்பில் தனித்தனியாக மிதந்த துகள்கள் ஈரத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, வழவழப்பாக ஓடியது சட்டெனக் கெட்டிக் களியாகத் திரிந்துவிடும். தேனின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. வெல்லமும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பேரீச்சை விழுதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றைக் கலந்து கிளறினால் கிடைப்பது உருண்டை பிடிக்கத்தக்க சாக்லேட் மாவுதான். பருப்பின் மேல் மெல்லியதாக வழிந்து, இறுகி, கடித்தால் முறியும் பூச்சு அதிலிருந்து வராது. எனவே பூச்சுக்கு வேண்டிய இனிப்பு எதுவானாலும் அது முழுக்கக் காய்ந்த, மிக நைசான தூளாகத்தான் இருக்க வேண்டும்.

கடையில் விற்கும் ‘சுகர் ஃப்ரீ’

அப்படியானால் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய பிளாக்கை வாங்கி உருக்கிவிடலாமே என்று தோன்றும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லாத தின்பண்டமே அந்தப் பெயரைச் சூடலாம். அந்த அளவில் உறையின் வாக்கு நம்பத்தக்கதுதான். ஆனால் சர்க்கரை இருந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது என்பதை உறையின் முன்பக்கம் சொல்லாது. பின்பக்கத்துச் சிறு எழுத்துகளில்தான் அது இருக்கும். அங்கே அடிக்கடி காணப்படும் பெயர் மால்டிடால். சர்க்கரையைப் போலவே பருமனும் இனிப்பும் தருவதால் ஆலைகளுக்கு இது வசதியானது. ஆனால் சர்க்கரையில் ஏறத்தாழ பாதி கலோரி இதில் உண்டு. ரத்தச் சர்க்கரையை இது உயர்த்தாமல் விடுவதில்லை. சர்க்கரையைவிடக் குறைவாக உயர்த்துகிறது, அவ்வளவே. அளவு கூடினால் குடலில் வாயுவும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். சர்க்கரை இல்லையே என்ற நிம்மதியில் அரைப் பிளாக்கைத் தின்பவருக்கு இரண்டு வகையிலும் நட்டம்.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்று கொழுப்பு. வீட்டில் சாக்லேட் செய்வோர் பலரும் பேக்கரிப் பொருள் கடைகளில் வாங்கும் பிளாக், ‘காம்பவுண்ட்’ எனப்படும் வகை. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பாம் கர்னல் போன்ற மலிவான தாவரக் கொழுப்பை ஆலையில் இறுகும்படி மாற்றிச் சேர்த்திருப்பார்கள். உருக்கி ஊற்றினால் அப்படியே இறுகிவிடும் என்பது அதன் வசதி. அந்தக் கொழுப்பின் பெரும்பகுதி நிறைவுற்றது என்பது அதற்கான விலை. வனஸ்பதி வகைக் கொழுப்புகளில் இருந்த டிரான்ஸ் கொழுப்பை எண்ணெய், கொழுப்புகளின் எடையில் 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தும் விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடப்பில் இருப்பதால் அந்த அபாயம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ‘ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு’ என்று பட்டியலில் கண்டால் அந்தப் பிளாக்கை அலமாரியிலேயே விட்டுவிடலாம். வீட்டில் செய்வதன் முழுப் பயனும் நமக்குத் தெரிந்த நாலு பொருளோடு வேலை முடிந்துவிடுவதில்தான் இருக்கிறது.

இனிப்பூட்டியில் எதை, எவ்வளவு?

சாக்லேட் பூச்சுக்கான இனிப்பூட்டி காய்ந்த தூளாகக் கிடைக்க வேண்டும், கொஞ்சம் பருமனும் தர வேண்டும், ரத்தச் சர்க்கரையை உயர்த்தக் கூடாது, நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சக் கூடாது. இந்த நாலு நிபந்தனைக்கும் ஒருசேர ஈடுகொடுப்பது எரித்ரிடால். சர்க்கரையின் இனிப்பில் சுமார் 70 சதவீதம் இதற்கு உண்டு. கிராமுக்குக் கால் கலோரிகூட இல்லை. குடலில் உறிஞ்சப்பட்டாலும் உடல் இதை எரிக்காமல் பெரும்பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் அளவு குறைவு என்பதால் மால்டிடால் அளவுக்கு வயிற்றைக் கலக்குவதில்லை. இதன் குறை, நாக்கில் கரையும்போது ஒரு குளிர்ச்சியை உண்டாக்குவது. அளவு கூடக் கூட அந்தக் குளிர்ச்சி சாக்லேட்டின் சுவையை மூடிவிடும். அதனால் கலவையின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதைச் சேர்க்காமல் இருப்பது நல்லது. இன்னும் இனிப்பு தேவைப்பட்டால், சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும் சுத்தமான ஸ்டீவியாத் தூளை ஒரு சிட்டிகைக்கும் குறைவாகச் சேர்க்கலாம். ஸ்டீவியாவை மட்டுமே நம்பினால் பருமன் கிடைக்காது, கசப்பும் அடிநாக்கில் தங்கும்.

எரித்ரிடால் மாரடைப்பை வரவழைக்கும் என்ற செய்தியைப் பலரும் படித்திருப்பார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததைக் கண்டார்கள். அதே ஆய்வில் ஆரோக்கியமான 8 பேருக்கு 30 கிராம் எரித்ரிடால் கலந்த பானம் கொடுத்தபோது, அதன் ரத்த அளவு பல மடங்கு உயர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நீடித்தது. மறுபக்கமும் உண்டு. நம் உடலே குளுக்கோஸிலிருந்து எரித்ரிடாலைத் தயாரிக்கிறது. உடலின் சர்க்கரைச் செயல்பாடு சீர்கெட்டவர்களிடம் அது கூடுதலாக இருக்கக்கூடும். ஆகவே முதல் கண்டுபிடிப்பு ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடைமுறை முடிவுக்கு வரலாம். நாம் செய்யப்போகும் பூச்சில் ஒரு துண்டுக்கு 1 கிராம் எரித்ரிடால் இருக்கும். மூன்று துண்டு தின்றால் 3 கிராம். ஆய்வில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு. எப்போதாவது தின்பவருக்கு இது பெரிய கவலை இல்லை. இதய நோயோ ரத்தம் உறையும் சிக்கலோ உள்ளவர்கள் எரித்ரிடாலை அறவே விட்டுவிட்டுக் கோகோவைக் கூட்டிக்கொள்வது விவேகம். உடல் எடையைக் குறைக்கும் வழியாகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஸ்டீவியாவும் அதில் அடங்கும். எரித்ரிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களுக்கும், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. அதன் சாரம் நம் வாதத்தோடு ஒத்துப்போகிறது: இனிப்புக்கு மாற்று தேடுவதைவிட இனிப்பையே குறைத்துக்கொள்வது மேல்.

தேங்காய் எண்ணெயா, கோகோ வெண்ணெயா?

கோகோத் தூளைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து, இனிப்பூட்டி கலந்து, ஃபிரிட்ஜில் வைத்தால் முடிந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் எளிய வழி. எளிமைக்கு அதை மிஞ்ச முடியாது. தேங்காய் எண்ணெய் நம் சமையலறையில் எப்போதும் இருக்கும்; கோகோ வெண்ணெயைத் தேடிப் போய், அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். இருந்தும் கோகோ வெண்ணெயையே பரிந்துரைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வெப்பம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மார்கழிக் காலை தவிர ஆண்டின் பெரும்பகுதியும் நம் ஊரில் அது பாட்டிலில் திரவமாகத்தான் நிற்கிறது. அதை வைத்துச் செய்த பூச்சு ஃபிரிட்ஜைவிட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் விரலில் பிசுபிசுக்கும். கோகோ வெண்ணெயைச் சரியான படிகமாக இறுகவைத்தால் 34 டிகிரியை நெருங்கும்வரை கெட்டியாக நிற்கும், வாயின் சூட்டில் உருகும். இரண்டாவது காரணம் உடல்நலம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் பெரும்பங்கு லாரிக் அமிலம். அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிவுரை, அதுவரை நடந்த 7 கட்டுப்பாட்டுச் சோதனைகளை ஆராய்ந்து, தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.-ஐ உயர்த்துகிறது என்று முடிவு கூறியது. கோகோ வெண்ணெயும் சுமார் 60 சதவீதம் நிறைவுற்றதுதான்; ஆனால் அதில் பெரும்பங்கு ஸ்டீயரிக் அமிலம். நிறைவுற்ற கொழுப்புகளில் எல்.டி.எல்.-ஐ உயர்த்தாதது என்று தனித்து அறியப்படுவது அது.

தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் சேர்த்துச் சமைத்த மக்களுக்கு இந்த அளவுக்கு எச்சரிக்கை வேண்டுமா என்று கேட்கலாம். குழம்பில் அரைத்து ஊற்றும் தேங்காயோடு இதை ஒப்பிடக் கூடாது. அங்கே தேங்காய் நாரோடும் காய்கறியோடும் சேர்ந்து, ஒரு வேளைச் சாப்பாட்டின் சிறு பங்காக வருகிறது. பூச்சின் எடையில் பாதி தனி எண்ணெயாக இருக்கும். ஐஸ்கிரீம் மேல் ஊற்றியதும் உறைந்து நொறுங்கும் ஓட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பொருத்தம்தான். அதை உடனே தின்றுவிடுவோம். பருப்பின் மேல் பூசி நாள்கணக்கில் வைக்க வேண்டியதற்குக் கோகோ வெண்ணெய்தான் சரி. இரண்டையும் பாதிப் பாதி கலந்து செலவைக் குறைக்கலாம் என்ற யோசனையும் பலிக்காது. இந்த இரண்டு கொழுப்புகளின் படிகங்கள் ஒன்றோடொன்று சேராதவை. கலந்தால் பூச்சு தளர்ந்துபோகும், மினுமினுப்பும் போகும்.

கலோரி குறைகிறதா?

சர்க்கரையில்லாத பூச்சு என்றால் கலோரியும் குறைவு என்று எதிர்பார்ப்பவர்களுக்கு உண்மை ஏமாற்றம் தரும். 100 கிராம் சாதாரண சாக்லேட்டில் 530 முதல் 550 கலோரி இருக்கும். கீழே சொல்லப்போகும் சர்க்கரையில்லாத கலவையிலும் 100 கிராமுக்குச் சுமார் 540 கலோரி வருகிறது. காரணம் எளிது. சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. சர்க்கரை வெளியேறிய இடத்தில் ஒரு பகுதியைக் கோகோவும் எரித்ரிடாலும் நிரப்பினாலும், வீட்டில் ஆலை போல நைசாக அரைக்க முடியாததால் பூச்சு வழுக்கி ஓடுவதற்குக் கொழுப்பைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தப் பூச்சின் உண்மையான பயன் ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருப்பது, சர்க்கரை மீதான நாட்டம் குறைவது, கோகோவின் நார்ச்சத்து கிடைப்பது. எடை குறைப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

கோகோவையே மருந்தாகச் சொல்லும் பேச்சையும் இங்கே அளந்துகொள்ள வேண்டும். கோகோவிலுள்ள ஃபிளவனால்கள் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்க உதவுவதாகச் சான்றுகள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட காஸ்மாஸ் சோதனையில், நாளுக்கு 500 மில்லிகிராம் ஃபிளவனால் தரும் கோகோச் சாறு மொத்த இதயநோய் நிகழ்வுகளை உறுதியாகக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. கோகோ நல்ல உணவுப்பொருள். அதற்குமேல் அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது. இந்த இரண்டு உண்மைகளிலிருந்தும் பிறப்பதுதான் இந்த அத்தியாயத்தின் மைய விதி: பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது உணவாக இருக்க வேண்டும். வறுத்த வேர்க்கடலை, பாதாம், பூசணி விதை, பொட்டுக்கடலை, காய்ந்த தேங்காய்ச் சில் ஆகியவற்றின் மேல் 5 கிராம் பூச்சு என்றால் ஒரு துண்டின் பூச்சில் 27 கலோரி. நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். நாளுக்கு மூன்று துண்டு என்று நிறுத்திக்கொண்டால், 2000 கலோரி உண்பவருக்கு அனுமதிக்கப்பட்ட 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பில் பூச்சின் பங்கு ஐந்தில் ஒன்றைச் சுற்றியே நிற்கும்.

செய்முறை

200 கிராம் பூச்சுக்கு, சர்க்கரை சேராத கோகோ மாஸ் 120 கிராம், கோகோ வெண்ணெய் 40 கிராம், எரித்ரிடால் 40 கிராம், ஒரு சிட்டிகை உப்பு போதும். இது 40 துண்டுகளுக்கு வரும். வறுத்த கோகோப் பருப்பை அப்படியே அரைத்துக் கட்டியாக்கியதே கோகோ மாஸ். 100 சதவீத டார்க் என்றும் விற்பார்கள். ஆலையிலேயே நைசாக அரைபட்டு வருவதால் நாக்கில் நறநறக்காது. அது கிடைக்காவிட்டால் கோகோ வெண்ணெய் 100 கிராம், கோகோத் தூள் 60 கிராம், எரித்ரிடால் 40 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். கோகோத் தூள் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். ஐ.என்.எஸ். 500, 501 போன்ற காரங்கள் குறிப்பிட்டிருந்தால் அது காரம் சேர்த்துப் பதப்படுத்தியது. நிறம் கறுப்பாகவும் சுவை மென்மையாகவும் இருக்கும், ஃபிளவனால் குறைந்திருக்கும். காரம் சேராத தூள் சற்றுப் புளிப்பானது, நிறம் வெளிறியது. நம் நோக்கத்துக்கு அதுவே உகந்தது. சாக்லேட் அரைக்கும் சிறு கல் இயந்திரங்கள் நம் வெட் கிரைண்டரிலிருந்து உருவானவைதான் என்றாலும், வீட்டில் மாவரைக்கும் கிரைண்டரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கல்லில் ஊறிய ஈரமும், பல மணி நேரம் ஓடினால் ஏறும் சூடும் இரண்டுமே கெடுதல்.

முதலில் எரித்ரிடாலை முழுக்கக் காய்ந்த சின்ன மிக்ஸி ஜாரில் விட்டு விட்டு அரைத்து, தூசி அடங்கிய பிறகு மூடியைத் திறந்து, மெல்லிய துணியிலோ நைஸ் சல்லடையிலோ சலித்துக்கொள்ள வேண்டும். கொழுப்பில் இது கரையாது என்பதால் இங்கே மிஞ்சும் கரகரப்பு கடைசிவரை நாக்கில் தெரியும். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, கொதிக்கும் முன் அடுப்பை அணைத்து, அதன்மேல் தண்ணீரைத் தொடாதபடி இன்னொரு பாத்திரத்தை வைத்து, நறுக்கிய கோகோ மாஸையும் கோகோ வெண்ணெயையும் உருக்குங்கள். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தின் வாயை முழுக்க மூடும் அளவு அகலமாக இருந்தால் ஆவி உள்ளே வராது. கலவை 45 முதல் 50 டிகிரிக்குள் இருக்கட்டும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. இந்த வேலையில் கைக்கணக்கு துணைவராது. உருகியதும் எரித்ரிடால் தூளையும் உப்பையும் சலித்துச் சேர்த்து, கட்டி இல்லாமல் ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். கரண்டி, பாத்திரம், கை எதிலும் ஈரம் கூடாது. வெனிலா சேர்ப்பதானால் தண்ணீர் கலந்த எசென்ஸை விட்டுவிட்டுத் தூளாகச் சேருங்கள். ஏலக்காய்த் தூளும் சுக்குத் தூளும் இதற்கு நன்றாக இசையும்.

அடுத்த படி, பலரும் தாண்டிப்போவது. மினுமினுப்பும் முறிவும் இதில்தான் இருக்கிறது. கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக இறுகக்கூடியது. அவற்றில் ஐந்தாம் வகைதான் பளபளப்பாகவும் மொறுமொறுப்பாகவும் நிற்கும். சும்மா ஆறவிட்டால் தாழ்ந்த வகைகளும் கலந்து உருவாகி, மறுநாளே மேலே சாம்பல் பூத்துவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி, உருக்காத கோகோ வெண்ணெயில் 2 கிராமை முன்கூட்டியே மெல்லியதாகத் துருவி வைத்துக்கொள்வது. கலவையை அடுப்பிலிருந்து இறக்கி, கிளறிக்கொண்டே 34 டிகிரிக்கு ஆறவிட்டு, துருவலைத் தூவிக் கலந்து, 32 டிகிரி வரும்வரை கிளறுங்கள். துருவலில் ஏற்கெனவே உள்ள நல்ல படிகங்கள், தயிருக்கு உறை ஊற்றுவது போல, மொத்தக் கலவையையும் தம் வகைக்கு இழுத்துக்கொள்ளும். கத்தி நுனியைத் தோய்த்து எடுத்து, குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடம் வையுங்கள். பூச்சு வரியில்லாமல் இறுகினால் பக்குவம் சரி. கோடை மதியத்தில் 35 டிகிரிச் சமையலறையில் இது நடக்காது. விடியற்காலையிலோ ஏசி அறையிலோ செய்வதுதான் வழி.

பருப்பை வறுத்து முழுக்க ஆறவிட்டிருக்க வேண்டும். சூடான பருப்பு பக்குவத்தைக் குலைக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பருப்பில் வியர்க்கும் ஈரம் பூச்சைத் திரித்துவிடும். ஒவ்வொன்றாகவோ சிறு கொத்தாகவோ முள்கரண்டியில் எடுத்துத் தோய்த்து, கரண்டியைப் பாத்திர விளிம்பில் நாலு முறை தட்டி, மிகுதி முழுதும் வடிந்த பிறகு பட்டர் பேப்பரில் வையுங்கள். பூச்சின் தடிமனைத் தீர்மானிப்பது இந்தத் தட்டல்தான் என்பதால் இதில் அவசரம் கூடாது. தட்டை ஃபிரிட்ஜில் 10 நிமிடம் வைத்து, இறுகியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, மீண்டும் ஃபிரிட்ஜிலேயே பத்திரப்படுத்தலாம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் மேலே நீர் பூக்காது.

கசக்குமே?

கடைசியாக வரும் ஆட்சேபம், குழந்தைகளிடமிருந்தும் விருந்தினரிடமிருந்தும் வருவது. பால் சாக்லேட்டுக்குப் பழகிய நாக்குக்கு இந்தப் பூச்சு முதல் வாயில் கசக்கத்தான் செய்யும். பாகற்காயையும் சுண்டைக்காய் வற்றலையும் விரும்பிச் சாப்பிடும் சமையல் மரபில் வந்தவர்களுக்குக் கசப்பு அந்நியமில்லை. அதைச் சாக்லேட்டில் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல். உப்புச் சிட்டிகை கசப்பை நன்றாகவே தணிக்கும். வறுத்த வேர்க்கடலையின் நெய்ப்பும் தேங்காய்ச் சில்லின் இயல்பான இனிப்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதல் தடவை 40 கிராம் எரித்ரிடால் போட்டவர்கள் அடுத்த தடவை 30, அதற்கடுத்து 20 என்று இறங்கி, அந்த எடைக்குக் கோகோ மாஸைக் கூட்டிக்கொள்ளலாம். இனிப்பைப் படிப்படியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். காபியில் சர்க்கரையைக் குறைத்தவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு இனிப்பூட்டி சேர்த்ததைப் பழக்க வேண்டிய தேவையே இல்லை. அவர்களுக்கு எப்போதாவது ஒரு சிறு துண்டு உண்மையான சாக்லேட் கொடுத்துவிடுவது, தினமும் சர்க்கரையில்லாத சாக்லேட் கொடுப்பதைவிட நல்லது.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து படபடப்பும் வியர்வையும் வந்தால் இந்தச் சாக்லேட் உதவாது. அந்த நேரத்துக்குச் சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோதான் இருக்க வேண்டும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் எந்தச் சாக்லேட்டையும் அதற்கு எட்டாமல் வைக்க வேண்டும். கோகோவே அதற்கு நஞ்சு.

மற்றபடி இந்தப் பூச்சைத் தயங்காமல் செய்யலாம், அளந்து தின்னலாம். வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள், கோகோ வெண்ணெய்க்குச் செலவு செய்யுங்கள், இனிப்பை மாதாமாதம் கொஞ்சம் இறக்குங்கள், கரண்டியை இன்னும் இரண்டு முறை தட்டுங்கள். சர்க்கரை இல்லை என்பதற்காக நான்காவது துண்டை எடுக்காதீர்கள்.